ஒரே நாளில் ஒரே பக்கம்



"ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது?" என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. டிப்ளமா முடித்த கையோடு இரயில்வேயில் சேர்ந்தவன் நான். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடின. டிராலியில் வெயிலிலும் மழையிலும் போய், வாளையாறு காட்டுக்கும் ஷொரணூருக்கும் இடையே எத்தனை வளைவுகள், எத்தனை பாலங்கள் என்று மனப்பாடமாகச் சொல்வேனே தவிர, புத்தகம் என்றால் எனக்குக் கால அட்டவணைதான். அப்படிப்பட்டவன் இன்று ஒரு வாசகர் வட்டத்தை நடத்துகிறேன் என்றால் என் துணைவியாரே சிரிக்கிறார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதற்குக் காரணம் அமெரிக்காவில் உள்ள ஒரு யூதர் சபை என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மகள் வைத்த வேலை

2020 மார்ச்சில் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியது நினைவிருக்கும். என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டில் ஓர் யூதப் பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஜெப ஆலயத்தில் மாதம் ஒரு புத்தகம் படித்துக் கூடிப் பேசுவது பல ஆண்டு வழக்கமாம். ஆலயம் பூட்டப்பட்டதும் அந்தக் கூட்டத்தை அப்படியே ஜூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அடுத்த மாசம் அவங்க கொச்சி யூதர்களைப் பத்தி ஒரு புத்தகம் படிக்கிறாங்க. உங்கப்பா கேரளாவிலதானே இருக்கார், வந்து ரெண்டு வார்த்தை பேசுவாரான்னு கேக்கறாங்க."

"நான் பாலக்காட்டில் இருக்கிறேன் அம்மா. கொச்சி இங்கிருந்து நாலு மணி நேரம்."

"அவங்களுக்கு நாலு மணி நேரம்னா பக்கத்து ஊருப்பா!"

உண்மையைச் சொன்னால், எர்ணாகுளத்துக்கு நூறு தடவை போயிருப்பேன். மட்டாஞ்சேரி யூத ஆலயத்துக்குப் போனது ஒரே தடவை. அன்று சனிக்கிழமை. அவர்களுடைய ஓய்வு நாள், கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இதைத்தான் முதல் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்குப் புதன்கிழமை இரவு எட்டு மணி. எனக்கு வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை. கேங்மேன்களோடு விடியும் முன் எழுந்து பழகியவனுக்கு அது ஒரு கஷ்டமே அல்ல.

கொச்சி கற்றுத் தந்தது

அவர்கள் படித்த புத்தகம் 'ரூபி ஆஃப் கொச்சின்'. ரூபி டேனியல் என்ற கொச்சி யூதப் பெண்மணி, பார்பரா ஜான்சன் என்ற மானிடவியல் அறிஞரோடு சேர்ந்து எழுதி, 1995இல் வெளிவந்தது. ரூபி 1912இல் பிறந்தவர். 1951இல் இஸ்ரேலுக்குக் குடியேறியவர். பாட்டி சொன்ன கதைகள், திருமணங்கள், சண்டைகள், பாட்டுகள் எல்லாம் அதில் உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியம்மாள் பேசுவது போலவே இருந்தது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். மட்டாஞ்சேரியில் இன்றும் நிற்கும் பரதேசி ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அங்கே பாதுகாத்து வரும் செப்பேடு ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமைகளையும் பல்லக்கு, குடை முதலிய சிறப்புகளையும் வழங்கியதைச் சொல்வது. எழுத்து என்ன தெரியுமா? வட்டெழுத்து! நம் பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் காணும் அதே எழுத்து. இதைச் சொன்னபோது அந்த முப்பது முகங்களும் கணினித் திரைக்கு அருகே வந்தன.

என்னை மிகவும் பாதித்த செய்தி வேறொன்று. 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் மோசே பெரேரா டி பைவா என்பவர் தலைமையில் ஒரு தூதுக்குழுவைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். உலகின் இந்தக் கோடியில் தம் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வந்த அவர் எழுதிய அறிக்கை 1687இல் அச்சானது. அதன் பிறகு ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் எபிரேயப் புத்தகங்கள் வந்தன. அவை வந்து சேர்ந்த நாளைக் கொச்சி யூதர்கள் ஆண்டுதோறும் கொண்டாடி வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசன் பிறந்த நாளுக்கு விழா எடுப்பார்கள், போரில் வென்ற நாளுக்கு எடுப்பார்கள். புத்தகம் வந்த நாளுக்கு விழா எடுத்தவர்களைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அந்தப் புத்தகத்தில் இனிமை மட்டும் இல்லை. பரதேசி ஆலயத்துக்குள்ளேயே சிலருக்குச் சம இடம் கிடையாது. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று சொல்லி, அவர்களை மற்றவர்களோடு உட்கார விடவில்லை. ரூபியின் குடும்பமும் அந்தப் பிரிவுதான். அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தியடிகளைப் பின்பற்றி ஆலயத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தினார். 'யூத காந்தி' என்றே அவருக்குப் பெயர். இந்தப் பகுதி வந்தபோது நியூ ஜெர்சி சபையில் பெரிய வாக்குவாதம். "நம்மவர்களா இப்படிச் செய்தார்கள்?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். "நம்மவர்கள் எல்லாரும் மனிதர்கள்தானே" என்றார் எண்பது வயது மூதாட்டி ஒருவர். நான் வாயே திறக்கவில்லை. பாலக்காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, யாரை எங்கே உட்கார வைப்பது என்ற கணக்கு தெரியாதா என்ன?

அவர்கள் நடத்திய முறை

பொறியாளன் புத்தி எங்கே போகும்? கூட்டம் முடிந்ததும் அவர்கள் நடத்திய விதத்தைக் குறித்து வைத்தேன். ஒரு வாரம் முன்பே நான்கு கேள்விகள் அனுப்புவார்கள். படிக்காமல் வந்தாலும் "வாருங்கள்" என்பார்கள். கணினி தெரியாத முதியவர்கள் சாதாரணத் தொலைபேசியில் இணைந்து குரல் மட்டும் கேட்கலாம். எதிர்க் கருத்தைச் சொன்னவரை யாரும் முறைப்பதில்லை. அவர்களுடைய தல்மூத் நூலில் தோற்றுப்போன கட்சியின் வாதத்தையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்களாம். இருவர் இருவராக உட்கார்ந்து வாதாடிப் படிப்பதற்கு 'ஹவ்ரூதா' என்று பெயர்.

இன்னொன்றும் சொன்னார்கள். 1923இல் போலந்து நாட்டு ரப்பி மேயர் ஷபீரோ, வியன்னாவில் நடந்த மாநாட்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். உலகில் எந்த ஊரில் இருந்தாலும் யூதர்கள் தல்மூத்தில் அன்றைய தினம் அதே பக்கத்தைப் படிக்க வேண்டும். நாளுக்கு ஓர் ஏடு. மொத்தம் 2,711 ஏடுகள். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஏழரை ஆண்டு. முன்பின் தெரியாத இருவர் வழிப் பயணத்தில் சந்தித்தாலும், "இன்றைய ஏட்டைப் பார்த்தாயா?" என்று பேச்சைத் தொடங்கலாம். ஐரோப்பாவில் அத்தனை கொடுமைகள் நடந்த பிறகும் அந்த அட்டவணை நிற்கவில்லை. பதினான்காவது சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இது இரயில்வே அட்டவணை அல்லவா! ஓலவக்கோட்டில் இருப்பவனும் ஈரோட்டில் இருப்பவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவர் கையிலும் ஒரே அட்டவணை. அதனால்தான் வண்டி ஓடுகிறது.

நம் பக்கத்தில் ஒரு வட்டம்

நம் எல்லைப் பகுதித் தமிழர்களின் நிலை உங்களுக்குத் தெரியும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று ஒரு கூட்டம். இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு என்று இன்னொரு கூட்டம். ஒரே மாநிலம்தான். ஆனால் பாலக்காட்டிலிருந்து மூணாறு போகப் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு வழியாக ஏற வேண்டும். இடுக்கிக்கு இரயிலும் கிடையாது. மூணாற்றில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924 வெள்ளத்தில் போனது போனதுதான். கல்யாணம், கருமாதி என்றால் பார்ப்போம். அதுவும் ஊரடங்கில் நின்றது.

கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அதை ஒட்டி 2020 ஜூன் 21, ஞாயிறு மாலை, ஒன்பது குடும்பங்களோடு வட்டத்தைத் தொடங்கினேன். முதல் புத்தகமாக 'பொன்னியின் செல்வ'னை எடுத்தது என் முதல் தவறு. ஐந்து பாகம்! மூன்றாம் வாரம் வந்தியத்தேவனும் நானும்தான் மிச்சம். "சார், நீங்க கூட்ஸ் வண்டியைப் பாசஞ்சர்னு சொல்லி ஏத்திட்டீங்க" என்றார் கொழிஞ்சாம்பாறை நண்பர்.

அடுத்து எடுத்தது 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியது. திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறிப் படும் பாடுதான் கதை. வால்பாறை நம் இரு கூட்டத்துக்கும் நடுவே, மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஊர். வாரம் முப்பது பக்கம், நாளுக்கு ஐந்து, ஞாயிறு ஓய்வு என்று அட்டவணை போட்டேன்.

நான் செய்த பிழை

இரண்டாம் தவறு இதைவிடப் பெரிது. ஜூலையில் ஒரு ஞாயிறு, வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முதல் அத்தியாயங்களைப் பற்றி நன்றாகப் பேசிக் கொண்டிருந்தார். மூணாறு பக்கத்து எஸ்டேட் இணைப்பிலிருந்து ஒரே இரைச்சல். தகரக் கூரையில் மழை, பின்னால் யாரோ பேச்சு. எனக்கு எரிச்சல். அந்த இணைப்பை மியூட் செய்தேன். கூட்டம் அமைதியாக முடிந்தது. நானும் திருப்தியாகக் காபி குடித்தேன்.

அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் எடுத்தான்.

"பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது சார். நான் வாசிச்சுக் காட்டுனேன். அன்னிக்கு அவங்க பத்து நிமிஷம் பேசுனாங்க. அவங்க அம்மாவைத் திருநெல்வேலியில இருந்து எப்படிக் கூட்டியாந்தாங்க, எந்த வழியா நடத்தியாந்தாங்கன்னு. பேசி முடிச்ச பெறகுதான் நீங்க மியூட்ல போட்டிருந்தது தெரிஞ்சது."

ஐம்பது ஆண்டு கொழுந்து எடுத்த அம்மாள் அவர். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச எங்கள் வட்டத்தில் அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? அவரைத்தான் இரைச்சல் என்று ஒதுக்கினேன். கொச்சி ஆலயத்தில் சேலத்தையும் ரூபியையும் உட்காரவிடாதவர்களைப் பற்றி விடியற்காலையில் கேட்டு வருத்தப்பட்டவன், மூன்றே மாதத்தில் நானே ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டேன்.

பாட்டியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகுது ஐயா, எங்க மழைக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார். அது என்னை இன்னும் சுட்டது.

ஆகஸ்ட் 9

அவர் திரும்பி வந்த நாள் 2020 ஆகஸ்ட் 9. அதற்கு மூன்று நாள் முன், ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப் போயிருந்ததால் விடிந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. மொத்தம் 70 பேர். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள்.

அன்று யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாட்டியம்மாள் குரல் மட்டும் வந்தது. "பேப்பர்ல பேரு போட்டிருக்காமே. எனக்கு வாசிக்கத் தெரியாது. யாராச்சும் வாசிங்களேன்."

அன்று வரை தெரிந்த பெயர்களைப் பையன் வாசித்தான். சில பெயர்களுக்கு அவர், "அது இன்னார் மக", "அது சின்னப் பிள்ள" என்று சொன்னார். வேறு யாரும் பேசவில்லை. மழை இரைச்சல் கேட்டுக் கொண்டே இருந்தது. நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

பிறகு மகளிடம் இதைச் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். இறந்தவர்களின் பெயரை ஆண்டுதோறும் சபையில் உரக்க வாசிப்பது தங்கள் வழக்கம் என்றாராம் அவர். "உங்கள் அப்பாவின் வாசகர் வட்டம் அன்றைக்குத்தான் ஒரு சபை ஆகியிருக்கிறது" என்றும் சொன்னாராம்.

எழுத்துச் சண்டை

இன்னொரு சண்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். "கதையை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பார்கள்" என்றார் சித்தூர் ஆசிரியை ஒருவர். நான் குதித்தேன். "தமிழைத் தமிழெழுத்தில் படிக்காவிட்டால் அது என்ன வாசகர் வட்டம்?" என்றேன். வாக்கெடுப்பில் தோற்றேன்.

தோற்றதும் நல்லதுதான். கொச்சி யூதப் பெண்கள் தங்கள் கல்யாணப் பாட்டுகளையும் வேதக் கதைப் பாட்டுகளையும் மலையாளத்தில் பாடினார்கள். கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வைத்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறியபோது அந்த நோட்டுகளும் கூடப் போயின. பேரப்பிள்ளைகளுக்கு எபிரேயம்தான் தெரியும். பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் அந்தப் பாட்டுகளை மலையாளமும் எபிரேயமுமாகப் பதிப்பித்து, 'கார்குழலி' என்ற பெயரில் 2005இல் நூலாக்கினார்கள். நாமும் ஒரே தாளில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாள எழுத்து என்று அடித்தோம். இரண்டு ஆண்டில் ஆறு பிள்ளைகள் வலப்பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இடப்பக்கத்தைப் படித்தார்கள். மற்றவர்கள் இன்னும் வலப்பக்கம்தான். இருக்கட்டும், வட்டத்தில் இருக்கிறார்கள் அல்லவா?

தொடங்க விரும்புவோருக்கு

நீங்களும் உங்கள் ஊரில் தொடங்கலாம். நான் பட்டுத் தெரிந்தவை இவை:

சிறிய புத்தகமாக எடுங்கள். சிறுகதை என்றால் இன்னும் நல்லது. பக்க அட்டவணை போட்டு முன்பே அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாதவரை ஒருவர் வாசித்துக் காட்டும் ஜோடியாகச் சேருங்கள். பாட்டியும் பேரனும் என்றால் இருவருக்கும் இலாபம். இணையம் இல்லாதவருக்குச் சாதாரணத் தொலைபேசியில் வழி செய்யுங்கள். யூதர்களின் பொது வழிபாட்டுக்குப் பத்துப் பேர் தேவை. வாசிப்புக்கு இரண்டு பேர் போதும். கூட்டம் குறைந்தது என்று நிறுத்தாதீர்கள்.

புத்தகம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். இடுக்கியின் இடமலக்குடியில், காட்டுக்குள்ளே, முதுவர் குடியைச் சேர்ந்த சின்னத்தம்பி என்ற பெரியவர் தம் டீக்கடையிலேயே நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதியிருந்தார். மொத்தம் 160 புத்தகங்கள், சாக்குப் பையில். யார் எதை எடுத்தார்கள் என்று பதிவேடு உண்டு. அதில் நம் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று!

2022இல் நானும் என் துணைவியாரும் மட்டாஞ்சேரி போனோம், சனிக்கிழமையைத் தவிர்த்து. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் கோயில் வழக்கம் போல. சீனத்து நீல ஓடுகள் பதித்த தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தத் தெருவில் யூதர்கள் அப்போதே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கதையை நியூ ஜெர்சியில் முப்பது பேர் படித்ததை நான் கண்ணால் கண்டேன்.

நம் வட்டத்தில் இப்போது இருபத்துமூன்று குடும்பங்கள். பாட்டியம்மாளுக்கு எண்பது ஆகிறது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முதல் இணைப்பு அவருடையதுதான். நியூ ஜெர்சியில் என் பேத்தியும் காலையில் எழுந்து உட்காருகிறாள். தூக்கக் கலக்கத்தோடு ஒரு பத்தி வாசிப்பாள். பிழை இருக்கும். நான் திருத்துவதில்லை, பாட்டியம்மாள் திருத்துவார்.

முடிவாக வாசகர்களிடம் ஒரு கேள்வி. புத்தகம் வந்து சேர்ந்த நாளை விழாவாகக் கொண்டாடியவர்களைப் பற்றிச் சொன்னேன். உங்கள் வீட்டுக்குக் கடைசியாக ஒரு தமிழ்ப் புத்தகம் வந்து சேர்ந்த நாள் எது? நினைவில்லை என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமையையே அந்த நாளாக வைத்துக் கொள்ளுங்களேன்.